கடற்கரை மணலில் ரேடியம்-226: 186 கேஇவி முகட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

1. நெய்தல்மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் சுற்றுச்சூழல் கதிரியக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரையிலிருந்து 24 மணல் மாதிரிகளை எடுத்து வந்திருக்கிறேன். மோனசைட், இல்மனைட், சிர்கான், கார்னெட் ஆகியவை கலந்த கருமணல் அது.

மாதிரிகளை 110 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, சலித்து, 250 மில்லி பிளாஸ்டிக் டப்பாக்களில் நிரப்பி, மறுநாளே எச்பிஜிஇ (மிகத்தூய ஜெர்மானியம்) காமா டிடெக்டரின் தலைமீது வைத்து எண்ணினேன். ரேடியம்-226 அளவை இரண்டு வழிகளில் கணக்கிட்டுப் பார்த்தேன். ரேடியமே நேரடியாக உமிழும் 186 கேஇவி (கதிரின் ஆற்றல் அலகு) காமாக் கதிர் நிறமாலையில் காட்டும் முகட்டைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு மதிப்பு வருகிறது. அதன் வழித்தோன்றலான பிஸ்மத்-214 உமிழும் 609 கேஇவி முகட்டைக் கொண்டு கணக்கிட்டால், முதல் மதிப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் வருகிறது. எண்ணி முடித்த ஆறு மாதிரிகளிலும் இதே விகிதம்தான். எண்ணும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தும் விகிதம் மாறவில்லை. ஆகவே இது புள்ளியியல் ஏற்ற இறக்கமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

186 கேஇவி முகட்டைப் பயன்படுத்தினால் டப்பாவை மூடி ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை என்று படித்திருக்கிறேன். இரண்டு மதிப்புகளில் எதை நான் எழுதுவது?

2. சேற்றுப்படிவு

வணக்கம் தோழி. உங்கள் டப்பாவிலிருந்து ரேடான் வெளியேறுகிறது. ரேடியம்-226 சிதைந்தால் கிடைப்பது ரேடான்-222. அது வாயு, அரை ஆயுள் 3.82 நாள். உலர்த்தும்போதும் சலிக்கும்போதும் மணியிடைவெளிகளில் இருந்த ரேடான் போய்விடுகிறது. ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் ரேடானுக்குப் பிறகு வருபவை என்பதால், ரேடான் போனால் அவையும் அந்த அளவுக்குக் குறையும். டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி 30 நாள் வைத்துவிட்டு எண்ணினால் 609 கேஇவி மதிப்பு ஏறி 186 கேஇவி மதிப்பைத் தொட்டுவிடும். ஆற்றுப் படிவுகளில் நாங்கள் செய்வது இதுதான்.

3. ஈயச்சுவர்

வணக்கம் அம்மா. மேலே நண்பர் சொன்ன முறை சரியானது, டப்பாவை மூடத்தான் வேண்டும். ஆனால் உங்கள் சிக்கலுக்கு ரேடான் முழுக் காரணமாக இருக்க முடியாது. ரேடியம் சிதையும்போது உண்டாகும் ரேடானில் எத்தனை பங்கு மணியை விட்டு வெளியே வருகிறது என்பது அந்த மணி எத்தகைய கனிமம் என்பதைப் பொறுத்தது. சாதாரண மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு வெளிவரலாம். மோனசைட்டும் சிர்கானும் இறுகிய படிகங்கள். அவற்றின் யுரேனியம் படிகத்தின் உள்ளேயே கட்டுண்டு கிடப்பதால் ரேடான் வெளிவருவது மிகக் குறைவு. கடல்மணலில் ரேடான் இழப்பால் பாதி மதிப்பு குறைந்துவிடாது.

தவறு 186 கேஇவி பக்கம் இருக்கிறது. ரேடியம்-226 உமிழ்வது 186.2 கேஇவி. யுரேனியம்-235 உமிழ்வது 185.7 கேஇவி. இரண்டுக்கும் இடையே அரை கேஇவிதான் வேறுபாடு. அந்த ஆற்றலில் நல்ல ஜெர்மானியம் டிடெக்டரின் பிரிதிறனே (அருகருகான முகடுகளைப் பிரித்துக் காட்டும் எல்லை) ஏறத்தாழ ஒரு கேஇவி என்பதால், திரையில் நீங்கள் பார்ப்பது இரண்டும் ஒன்றாகக் கலந்த ஒரே முகடு. இயற்கை யுரேனியத்தில் 235 வெறும் 0.72 விழுக்காடுதானே என்று அதை ஒதுக்கிவிடத் தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அதன் அரை ஆயுள் குறைவு என்பதால் யுரேனியம்-238இன் கதிரியக்கத்தில் 4.6 விழுக்காடு அளவுக்கு அதன் கதிரியக்கம் இருக்கிறது. அதோடு, ரேடியம் நூறு முறை சிதைந்தால் 186 கேஇவி கதிர் மூன்று அல்லது நான்கு முறைதான் வரும் (3.56 விழுக்காடு), யுரேனியம்-235 நூறு முறை சிதைந்தால் 57 முறை வரும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: யுரேனியம்-238உம் அதன் வழித்தோன்றலான ரேடியமும் சமநிலையில், அதாவது ஒரே அளவு கதிரியக்கத்தோடு, உள்ள மாதிரியில் அந்த முகட்டின் எண்ணிக்கையில் ஏறத்தாழ 57 விழுக்காடு ரேடியத்தினுடையது, 43 விழுக்காடு யுரேனியம்-235இனுடையது. முழுவதையும் ரேடியத்தின் கணக்கில் எழுதினால் மதிப்பு 1.74 மடங்காக ஊதிப்போகும். உங்கள் "பாதிக்குச் சற்று மேல்" இதற்கு மிக அருகில் இருப்பதைக் கவனியுங்கள்.

இரண்டு கேள்விகள். டிடெக்டரின் திறனை (உமிழப்படும் கதிர்களில் எத்தனையை அது எண்ணுகிறது என்பதை) எந்தக் கதிரியக்க மூலத்தைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்தீர்கள்? ஈயம்-214இன் 352 கேஇவி முகடு தரும் மதிப்பு 609 கேஇவி மதிப்போடு ஒத்துப்போகிறதா?

4. நெய்தல்மகள்

மிக்க நன்றி ஐயா. அளவுத்திருத்தத்தை யூரோப்பியம்-152 மூலத்தைக் கொண்டு செய்தேன். அதன் முகடுகளில் கிடைத்த திறன்களை ஒரு வளைகோட்டால் இணைத்து, வேண்டிய ஆற்றலுக்குரிய திறனை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். 352 கேஇவி மதிப்பை இப்போதுதான் கணக்கிட்டேன். அது 609 கேஇவி மதிப்பைவிட எல்லா மாதிரிகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கிறது. இரண்டும் ரேடானுக்குப் பிறகு வருபவை; அப்படியானால் ரேடான் இழப்பு இரண்டையும் ஒரே அளவில்தானே குறைத்திருக்க வேண்டும்?

5. ஈயச்சுவர்

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. அந்தப் பத்தில் ஒரு பங்கு ரேடானால் வந்ததில்லை, கூட்டு எண்ணிக்கையால் வந்தது. பிஸ்மத்-214 சிதையும்போது 609 கேஇவி கதிரோடு 1120 கேஇவி போன்ற கதிர்களும் அதே கணத்தில் அடுக்கடுக்காக வெளிவருகின்றன. டப்பா டிடெக்டரின் தலைமீதே உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து படிகத்துக்குள் நுழையும் வாய்ப்பு அதிகம். அப்படி நுழைந்தால் கருவி அதை இரண்டாக எண்ணாது, கூட்டுத்தொகைக்குரிய வேறொரு இடத்தில் ஒன்றாகப் பதிவு செய்துவிடும். 609 முகட்டில் ஓர் எண்ணிக்கை காணாமல் போகும். 352 கேஇவி கதிர், வேறு கதிர் பின்தொடராமல், நேராக அடிநிலைக்கு இறங்குவது என்பதால் இந்த இழப்பு அதற்கு அநேகமாக இல்லை. இரண்டையும் ஒப்பிடுவது, கூட்டு எண்ணிக்கை நடக்கிறதா என்று அறிவதற்கான எளிய சோதனை.

யூரோப்பியம்-152க்கும் இதே நோய் உண்டு. நெருங்கிய அமைப்பில் அதன் முகடுகளும் எண்ணிக்கையை இழப்பதால் உங்கள் திறன் வளைகோடு உண்மையைவிடத் தாழ்ந்திருக்கும், அதனால் வகுத்து வரும் கதிரியக்க மதிப்புகள் உயர்ந்திருக்கும். ஒரு பிழை மேலே தள்ள, இன்னொன்று கீழே இழுக்க, சில முகடுகளில் விடை தற்செயலாகச் சரியாகவும் அமைந்துவிடும். அப்படி அமைந்த சரியை நான் மிகவும் அஞ்சுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒப்பீட்டு முறை. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆர்ஜியு-1, ஆர்ஜிடிஎச்-1, ஆர்ஜிகே-1 என்னும் மூன்று ஒப்பீட்டுப் பொருள்களைப் பெறுங்கள். ஆர்ஜியு-1இல் கிலோவுக்கு 4,940 பெக்கரல் (நொடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கரல்) யுரேனியம்-238 தன் வழித்தோன்றல்களோடு சமநிலையில் இருக்கிறது. ஆர்ஜிடிஎச்-1இல் கிலோவுக்கு 3,250 பெக்கரல் தோரியம்-232. ஆர்ஜிகே-1இல் கிலோவுக்கு 14,000 பெக்கரல் பொட்டாசியம்-40. அதே டப்பா, அதே உயரம் வரை நிரப்பு, அதே இருப்பிடம். மாதிரியின் 609ஐ ஒப்பீட்டுப் பொருளின் 609ஆல் வகுக்கும்போது இரண்டிலும் ஒரே அளவு கூட்டு இழப்பு இருப்பதால் அது தானாகவே அடிபட்டுப் போகும்.

இனி மூடுவதைப் பற்றி. மூடியைத் திருகி மேலே ஒட்டுநாடா சுற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிளாஸ்டிக் நாடாவின் விளிம்பு வழியே ரேடான் கசியும். நான் பின்பற்றிய முறை இது. டப்பாவைத் தட்டித்தட்டி மணலை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். மேலே காலியிடம் விட்டால் ரேடான் அங்கே சேர்ந்து, வழித்தோன்றல்கள் மூடியின் அடியில் படிந்து, எண்ணும் அமைப்பே மாறிவிடும். மூடியின் மரையில் எப்பாக்சிப் பசையை மெல்லியதாகத் தடவித் திருகி, மூடியும் டப்பாவும் சேரும் வரியில் இன்னொரு சுற்றுப் பசை இட்டு, ஓர் இரவு காயவிட வேண்டும். காய்ந்த பிறகு எடையைக் குறித்து, மூடிய தேதியை அழியாத மையால் மூடியின் மேலேயே எழுத வேண்டும். நோட்டில் மட்டும் எழுதினால் ஒரு மாதம் கழித்து எந்த டப்பா எந்தத் தேதி என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பத்தாம் நாள் ரேடான் சமநிலையில் 84 விழுக்காட்டுக்கு வந்திருக்கும், இருபதாம் நாள் 97, முப்பதாம் நாள் 99.6. ஒன்றிரண்டு டப்பாக்களையாவது மூன்று நாள்களிலும் எண்ணிப் பாருங்கள். வளைகோட்டில் ஏறினால் மூடி இறுகியிருக்கிறது என்று பொருள். 24 டப்பாக்களையும் ஒரே நாளில் மூடிவிட்டால் காத்திருப்பது ஒருமுறைதான்.

ஒரு மாதிரிக்கு 60,000 நொடி வைத்தால் பதினாறு மணி நேரம் நாற்பது நிமிடம். நாளொன்றுக்கு ஒரு மாதிரிதான் ஓடும். மாதிரி இல்லாமல் எடுக்கும் பின்னணி எண்ணிக்கையையும் சேர்த்தால் ஒரு மாதம். அந்த மாதம் முழுவதற்கும் டிடெக்டரைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில் மழைக்காலத்தில் நைட்ரஜன் வண்டி நான்கு நாள் வரவில்லை. டியூவர் (நைட்ரஜன் வைக்கும் குடுவை) காய்ந்து, படிகம் அரைகுறையாகச் சூடேறிய நிலையில் யாரோ அவசரமாக நைட்ரஜனை ஊற்றிவிட்டார்கள். வெற்றிடக் குடுவைக்குள் உறிஞ்சப்பட்டிருந்த வாயுக்கள் சூட்டில் விடுபட்டு, மறுபடி குளிரும்போது படிகத்தின் மேலேயே உறைந்து, கசிவு மின்னோட்டம் ஏறி, பிரிதிறன் கெட்டுப்போனது. ஒருமுறை சூடேறத் தொடங்கினால் மின்னழுத்தத்தை இறக்கிவிட்டு, முழுவதும் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, அதன்பிறகே குளிர்விக்க வேண்டும். அந்தப் பருவத்தில் எடுத்த அத்தனை நிறமாலைகளையும் நாங்கள் மறுபடி எடுத்தோம்.

6. கரைசல்

தங்கைக்கு வணக்கம். நான் ஐசிபி-எம்எஸ் (மாதிரியைக் கரைத்துத் தனிமங்களை நிறையால் பிரித்து அளக்கும் கருவி) பக்கம் இருப்பவள். யுரேனியம்-235இன் பங்கைக் கழிக்க, சமநிலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு 57 விழுக்காட்டைப் பயன்படுத்துவதைவிட, யுரேனியத்தையே தனியாக அளந்து கழிப்பது நல்லது. ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம் யுரேனியம் இருந்தால் அது 12.35 பெக்கரல் யுரேனியம்-238; அதை 0.046ஆல் பெருக்கினால் யுரேனியம்-235.

ஆனால் உங்கள் மணலை வழக்கமான நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் ஏமாந்துபோவீர்கள். கரைசல் தெளிவாக இருக்கும், அடியில் கொஞ்சம் மணி தங்கியிருக்கும், அந்த மணிகளில்தான் யுரேனியம் இருக்கும். மோனசைட் ஒரு பாஸ்பேட். அதற்குக் கொதிக்கும் அடர் கந்தக அமிலமோ சூடான அடர் காஸ்டிக் சோடாவோ வேண்டும். சிர்கான் அதற்கும் அசையாது. லித்தியம் போரேட்டோடு சேர்த்துப் பிளாட்டினம் மூசையில் உருக்கித்தான் அதைக் கரைக்க முடியும்.

அதைவிடப் பெரிய இடர், எடுக்கும் அளவு. உருக்குவதற்கு நாம் எடுப்பது 0.1 கிராம். கால் மில்லிமீட்டருக்கும் சிறிய, 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு மோனசைட் மணியை நினைத்துப் பாருங்கள்: தேன் நிறத்தில், நுண்ணோக்கியின் அடியில் ஓரங்கள் தேய்ந்து உருண்டிருக்கும். அதன் எடை ஏறத்தாழ 0.02 மில்லிகிராம். அதில் 8 விழுக்காடு தோரியம் ஆக்சைடு என்று கொண்டால் ஒன்றரை மைக்ரோகிராம் தோரியம். அந்த ஒரு மணி உங்கள் 0.1 கிராமில் விழுந்தால் தோரியம் மதிப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 60 பெக்கரல் கூடும், விழாவிட்டால் கூடாது. உலக மண்ணின் நடுமதிப்பே கிலோவுக்கு 30 பெக்கரல்தான். ஆகவே முழு மாதிரியையும் அகேட் உரலில் மாவாக அரைத்துவிட்டு, குறைந்தது ஐந்து தனித்தனிப் பகுதிகளை உருக்கிப் பாருங்கள். ஐந்தும் ஒத்துவந்தால் மட்டும் அந்த எண்ணை நம்புங்கள். காமா அளவீட்டில் முந்நூறு நானூறு கிராம் மணலை ஒரேயடியாகப் பார்ப்பதால் இந்தக் கவலை இல்லை. என் கருவியைவிட உங்கள் கருவி மேம்பட்டு நிற்கும் இடம் இது.

7. கீழைக்கரை

வணக்கம். நான் இலங்கையில் புல்மோட்டை மணல் சம்பந்தமாக வேலை செய்கிறேன். எங்கள் மணலில் மோனசைட் சிறிதளவுதான், இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்கானும்தான் கூட. ஒப்பீட்டுப் பொருளான ஆர்ஜியு-1 சிலிக்காத் தூளில் கலந்தது. கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும். அதே போத்தலில் எங்கள் கனமணலை நிரப்பினால் எடை இரட்டிப்புக்குக் கிட்ட வந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை எப்படிக் கையாள்வது என்று ஐயா சொன்னால் உதவியாயிருக்கும்.

8. ஈயச்சுவர்

நல்ல கேள்வி. இல்மனைட்டின் அடர்த்தி 4.7 அளவில், மோனசைட்டினுடையது 5 அளவில். தாழ்ந்த ஆற்றல் கதிர்களை மணலே விழுங்கிவிடும்; மோனசைட்டில் சீரியம், தோரியம் போன்ற கனத்த தனிமங்கள் இருப்பதால் விழுங்குவது இன்னும் கூடுதல். 609 கேஇவியில் திருத்தம் மிதமானது, 186இல் அதைவிடக் கூடுதல். யுரேனியம்-238ஐ அளக்கப் பலர் தேடிப்போகும் தோரியம்-234இன் 63 கேஇவி முகட்டிலோ, கனமணலுக்கு அதை நம்பவே முடியாத அளவுக்குப் போய்விடுகிறது. போதாததற்குத் தோரியம்-232இன் சொந்தக் கதிர் ஒன்றும் அதே இடத்தில் வந்து கலக்கிறது. யுரேனியத்துக்கு புரோட்டாக்டினியம்-234எம் உமிழும் 1001 கேஇவி முகடுதான் சுத்தமானது. உமிழ்வு 0.84 விழுக்காடு மட்டுமே என்பதால் நீண்ட நேரம் எண்ண வேண்டியிருக்கும்.

கையாளும் வழி: மணல் நிரப்பிய டப்பாவின் மேல் ஒரு புள்ளி மூலத்தை வைத்து எண்ணுங்கள், பிறகு அதே மூலத்தை ஆர்ஜியு-1 நிரப்பிய டப்பாவின் மேல் வைத்து எண்ணுங்கள். இரண்டின் விகிதத்திலிருந்து ஒவ்வொரு ஆற்றலுக்கும் உறிஞ்சல் திருத்தம் கிடைக்கும். பழைய முறைதான். ஒவ்வொரு மாதிரிக்கும் அரை மணி நேரம் கூடுதலாகும், கணினி உருவகம் செய்ய வசதி இல்லாத இடத்தில் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

9. நீர்க்குறி

186 கேஇவி முகட்டில் 57 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு ரேடியத்தைக் கணக்கிட்ட கட்டுரைகள் பல வெளிவந்திருக்கின்றனவே. மூடிக் காத்திருப்பதற்கு அது மாற்றாகாதா?

10. ஈயச்சுவர்

ஆகும், சமநிலை இருக்கிறது என்று வேறு வழியில் உறுதி செய்த பிறகு. பாஸ்பேட் உரத் தொழிற்சாலையின் ஜிப்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பாறையைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது ரேடியம் ஜிப்சத்தோடு தங்கிவிடுகிறது, யுரேனியம் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலத்தோடு போய்விடுகிறது. அங்கே 186 முகடு அநேகமாக ரேடியத்தினுடையது. 57ஐப் பயன்படுத்தினால் ரேடியத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். அந்த ஜிப்சம் வீட்டுச் சுவருக்கு வரக்கூடிய பொருள் என்பதால் இது வெறும் கணக்குப் பிழையாக நிற்காது.

11. நெய்தல்மகள்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். ஒப்பீட்டுப் பொருள்கள் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. 24 டப்பாக்களையும் எப்பாக்சியிட்டு ஒரே நாளில் மூடினேன்.

மூடிய மறுநாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையே 352 கேஇவி மதிப்பு மிகச் சிறிதளவே ஏறியது. ரேடான் மணியை விட்டு அதிகம் வெளிவராது என்று ஐயா சொன்னது அப்படியே இருந்தது. ஆர்ஜியு-1ஓடு ஒப்பிட்டபோது 352, 609 இரண்டும் பிழைவரம்புக்குள் ஒத்துவந்துவிட்டன. அக்கா சொன்னபடி நான்கு மாதிரிகளுக்கு மட்டும் யுரேனியத்தை உருக்கி அளந்து, அதன் 235 பங்கைக் கழித்துப் பார்த்தேன்; மூன்றில் 186இலிருந்து வரும் ரேடியமும் அதே எண்ணுக்கு வந்தது. நான்காவதில் ஐந்து பகுதிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, இன்னும் நன்றாக அரைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். திங்கள்கிழமை காலையில் எடுத்த பின்னணியில் 609 முகடு மற்ற நாள்களைவிட உயர்ந்திருந்தது. அறை இரண்டு நாள் பூட்டிக்கிடந்ததால் ரேடான் தேங்கியிருக்கும் என்று எண்ணி, டியூவரிலிருந்து ஆவியாகும் நைட்ரஜனை ஒரு குழாய் வழியே ஈயக் கவசத்துக்குள் விட்டேன். இப்போது எல்லா நாளும் ஒரே அளவில் இருக்கிறது.

புரியாமல் நிற்பது இரண்டு. 17ஆம் டப்பாவில் மட்டும் 352 மதிப்பு பத்தாம் நாளைவிட இருபதாம் நாள் குறைந்திருக்கிறது. மோனசைட் மிகுந்த ஐந்து மாதிரிகளில் பொட்டாசியம்-40 மற்றவற்றைவிடக் கூடுதலாக வருகிறது. கனமணலில் பொட்டாசியம் குறைய வேண்டும் அல்லவா?

12. ஈயச்சுவர்

மனம் நிறைந்தது அம்மா. நைட்ரஜனைக் கவசத்துக்குள் விட வேண்டும் என்று நான் சொல்ல மறந்திருந்தேன், நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பொட்டாசியம்: அதன் கதிர் 1460.8 கேஇவி. தோரியம் தொடரைச் சேர்ந்த ஆக்டினியம்-228 உமிழும் 1459.1 கேஇவி கதிர் அதன் தோளிலேயே நிற்கிறது. உமிழ்வு 0.83 விழுக்காடுதான், ஆனால் பொட்டாசியத்தின் உமிழ்வே 10.7 விழுக்காடுதானே. தோரியம் கிலோவுக்கு 1,000 பெக்கரல் இருந்தால், மணலில் பொட்டாசியமே இல்லாவிட்டாலும் 78 பெக்கரல் இருப்பதுபோல் தோன்றும். ஆக்டினியத்தின் 911 கேஇவி முகட்டிலிருந்து தோரியத்தொடரின் அளவை எடுத்து, ஆர்ஜிடிஎச்-1 நிறமாலையில் 1460 அருகே எவ்வளவு எண்ணிக்கை விழுகிறது என்று பார்த்து, அந்த விகிதத்தில் கழியுங்கள். பல இடங்களில் இதைக் கழிக்காமலே கேரள, குமரிக் கடற்கரை மணலின் பொட்டாசியத்தை எழுதியிருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

17ஆம் டப்பாவின் மூடி கசிகிறது. அந்த இடத்து மணலில் ரேடான் வெளிவரும் மென்மணிகளோ களிமண்ணோ கொஞ்சம் கலந்திருக்கலாம். அதனால்தான் கசிவு கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற டப்பாக்களில் மூடி கசிந்தாலும் எண் அதிகம் அசையாது, ஆகவே அவையும் இறுகியிருக்கின்றன என்று இதைக்கொண்டு முடிவு கட்ட வேண்டாம். 17ஐ வேறு டப்பாவுக்கு மாற்றி, மரையைத் துணியால் துடைத்து மணல் துகள் இல்லாமல் செய்துவிட்டுப் பசை இடுங்கள்; பெரும்பாலும் ஒரு மணி மரையில் சிக்கியிருக்கும்.

13. நெய்தல்மகள்

ஐயா, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மரையின் இரண்டாம் சுற்றில் இரண்டு கருமணல் மணிகள் பசைக்குள் பதிந்திருந்தன, அவற்றை ஒட்டி முடியளவு இடைவெளி. புது டப்பாவில் இன்று மாலை மூடிவிட்டேன். தேதியை மூடியின் மேல் எழுதியிருக்கிறேன். முப்பதாம் நாள் எண்ணிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.